முதலில் சம்பளம், பிறகு மகமை

காரைக்குடி,
மார்கழி 16.

அன்புள்ள நண்பா,

நலம். சிங்கப்பூரில் நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கிருந்தபடியே உன் பங்காளிகள் அத்தனை பேரிடமும் பேசிச் சம்மதம் வாங்கி, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் உங்கள் பெரிய வீட்டை ஒரு மாலைப் பொழுதுக்குத் திறந்துவிட்டாய். அங்கே நடந்த கச்சேரி எப்படி இருந்தது என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, பக்கத்தில் நாலு பேர் நின்றதால் 'நன்றாக நடந்தது' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது ஊருக்குச் சொல்கிற பதில். உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பிள்ளையார் நோன்பும் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் இம்முறை ஒட்டி வந்தன. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் நோன்பின் இழையை (திரியிட்டு ஏற்றிய மாவை) எடுத்துக்கொள்வதற்காகச் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்திருந்த குடும்பங்கள் உடனே கிளம்பிவிடாமல் ஊரில் தங்கியிருக்கும் என்று கணக்கிட்டு, நோன்புக்கு மறுநாள் மாலையைத் தேர்ந்தெடுத்தோம். நிதி எதற்கு என்பது உனக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களின் வண்டிச் செலவுக்காகத் திரட்டியது அது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடந்து எழுந்தவர், பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு ஊர் போய்ச் சேர முடியாது. ஆட்டோ வைக்க வேண்டும்; துணைக்கு வருகிற மகனுக்கோ மனைவிக்கோ அன்றைய கூலி போய்விடும். 'இந்த வாரம் ஒரு தடவை விட்டால் என்ன' என்று அவர்கள் நினைப்பது பெரும்பாலும் அந்த ஆட்டோக் கூலியை எண்ணித்தான்.

இதற்கு இசை நாடகக் கலைஞர்களை அழைத்து, நாடகமாக இல்லாமல், நாடகப் பாட்டுகளை மட்டும் மூன்று மணி நேரக் கச்சேரியாகப் பாடச் செய்யலாம் என்பது வரையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகராறு வந்தது சம்பளத்தில். குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர் (பெயர் எழுதவில்லை, உனக்கு ஊகிக்கத் தெரியும்), 'தர்ம காரியம்தானே, வந்து பாடிக் கொடுக்கட்டும், பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்துவிட்டால் போதும்' என்றார். பந்தல்காரருக்குப் பணம் உண்டு, ஒலிபெருக்கிக்காரருக்கு உண்டு, பணியாரம் சுடுகிறவருக்கு உண்டு, ஜெனரேட்டருக்கு டீசல் உண்டு. பாடுகிறவருக்கு மட்டும் கிடையாது என்பது எந்த ஊர்க் கணக்கு என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்தக் கலைஞர்களின் வாழ்க்கை எந்த மாதங்களில் ஓடுகிறது என்பதை நீ நினைத்துப் பார். தை பிறந்த பிறகுதான் கோயில்களில் காப்புக் கட்டு தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று திருவிழாக்கள் வரிசையாக வரும். ஆடி வரையில் இரவு பத்து மணிக்கு மேடை ஏறி விடியற்காலையில் இறங்குகிறார்கள். அதன் பிறகு நாடகம் குறைந்துகொண்டே போகும். மார்கழியில் கையிலிருந்ததெல்லாம் கரைந்து, அரிதாரப் பெட்டி மூலையில் கிடக்கும். 2020ஆம் ஆண்டு பொதுமுடக்கத்தில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றுபோனபோது அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததல்ல. ஆகவே மார்கழியில் கூப்பிட்டால் சும்மாவே வருவார்கள், வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று வருவார்கள். அப்படி வருவார்கள் என்பதற்காகவே சும்மா கூப்பிடக் கூடாது என்பது என் கட்சி. மகமை என்பது முதலாளி தன் வரவிலிருந்து தர்மத்துக்கென்று எடுத்து வைப்பது. கணக்குப்பிள்ளையின் சம்பளத்தில் கை வைத்து எடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான், உன் பெரியப்பா மகன் வாயைத் திறந்து, 'முதலில் சம்பளம், பிறகு மகமை' என்று தீர்த்து வைத்தார். சீசனில் என்ன வாங்குவார்களோ அதே தொகை, குறையாமல், மேடை ஏறுவதற்கு முன்பே வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது.

நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்தும், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்தும், ஆர்மோனியக்காரர் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தார்கள். கோமாளியான பபூனும் மிருதங்கக்காரரும் நம் ஊர். ஒத்திகை என்று ஒன்றும் கிடையாது. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லப்படும் இந்த இசை நாடகத்தில் என்றைக்குமே கிடையாது. ஆளுக்கு ஒரு திசையிலிருந்து வந்து, அன்று மாலையில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாதையில் விடியும் வரை சேர்ந்து நடக்கிறவர்கள் அவர்கள். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவர் லய நுட்பம் கற்றதோ நமக்கு அடுத்த வீடு போன்ற புதுக்கோட்டையில், கஞ்சிரா மான்பூண்டியா பிள்ளையிடம். வந்திருந்த இளைஞர்களிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்காவில் படிக்கிற ஒரு பெண் அதைத் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் நம் பக்கத்தார் நாடகத்தைப் பார்த்துக் கை தட்டியதோடு நிற்கவில்லை. பவளக்கொடி நாடகம் 1934இல் திரைப்படமாகி, தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது அதற்கு முதல் போட்டவர்களும் செட்டிநாட்டு நகரத்தார்தான் என்றேன். நாடகம் பார்க்க வருகிறவரைவிட நாடகத்துக்கு முதல் போடுகிறவர் அதிகமாக இருந்த ஊர் என்று பபூன் அதையே மேடையில் கிண்டலாக மாற்றிக்கொண்டார்.

இனி பாட்டுக்கு வருகிறேன். வளவின், அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியின், மேற்குத் தாழ்வாரத்தில் மேடை; மற்ற மூன்று பக்கத் தாழ்வாரங்களிலும் ஜமக்காளம்; நடுவே திறந்த முற்றத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரர் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் விருத்தத்திலேயே அவற்றின் சத்தம் சுண்ணாம்புச் சுவர்களில் மோதித் திரும்பி, சொல் எதுவும் விளங்காமல் ஒரே இரைச்சலாகிவிட்டது. ஸ்திரீபார்ட் பாடிக்கொண்டே ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்து, கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்டினார். யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள். அதன் பிறகுதான் கச்சேரி தொடங்கியது என்று சொல்ல வேண்டும். தேக்குத் தூண்களுக்கும் ஆத்தங்குடித் தரைக்கும் நடுவே மனிதக் குரல் எவ்வளவு தூரம் தானாகப் போகும் என்பதை அன்றுதான் கேட்டேன். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பாடி, 1933இல் தம் 27ஆம் வயதிலேயே போய்ச் சேர்ந்த நாடகப் பாடகர் கிட்டப்பாவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதெல்லாம் மிகையாக இருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

ஒன்றைக் கவனித்தேன். பாட்டை நாடகத்திலிருந்து பெயர்த்து எடுத்தால் அது முதலில் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பாடுவதற்கு முன்பு நாம் இரவு முழுவதும் அவனோடு நடந்து, நாட்டையும் மனைவியையும் மகனையும் அவன் இழந்ததைப் பார்த்திருக்கிறோம். காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பாட்டு வந்து விழும்போது அதற்கு ஒரு கனம் உண்டு. மாலை ஏழு மணிக்கு, கையில் வெள்ளைப் பணியாரத்தோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் அதைப் பாடினால் ராகம் மட்டும்தான் போய்ச் சேரும். ராஜபார்ட் இதை உணர்ந்துகொண்டார். முதல் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் சரியில்லை என்று தெரிந்ததும், அடுத்த பாட்டிலிருந்து நாலைந்து வரி வசனம் பேசிவிட்டுப் பாடத் தொடங்கினார். இறந்த மகனை எரிக்கக் கொண்டுவந்தவள் தன் மனைவி என்பது தெரியாமல், சுடுகாட்டுக் காவலனாக நின்று அவளிடம் கட்டணம் கேட்கிற கட்டத்தில், வேட்டி சட்டையோடு, அரிதாரம் இல்லாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தடியைப் போலப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் வேஷம். பணியாரத் தட்டுகள் கீழே வைக்கப்பட்டதை நான் பார்த்தேன்.

வள்ளி திருமணத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதன் கதையை எல்லாரும் மடியில் கட்டிக்கொண்டே வருகிறார்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் பாட்டு வந்தபோது பின்வரிசை ஆச்சிமார்கள் கூடவே முணுமுணுத்தார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தை மட்டும் சுருக்காமல் முழுக்கவே வைத்துக்கொண்டது நல்ல முடிவு. ஸ்திரீபார்ட்டின் சுருதிக்கே ராஜபார்ட்டும் ஏறிப் பாட வேண்டியிருந்ததால், நாலு கட்டையில் அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது; ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அந்த அம்மா அங்கேயே கட்டிய பதிலில் டயாலிசிஸும் ஆட்டோக் கூலியும் வந்து சேர்ந்து, கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் மிருதங்கக்காரர் தாளத்தை விட்டுவிட்டார். இடையில் ஒருவர், ஆர்மோனியம் நம் கருவி இல்லையே, வீணை வைத்திருக்கலாமே என்று என் காதில் சொன்னார். வானொலி நிலையத்தார்கூட 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல்தான் மனம் இளகினார்கள், நீங்கள் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள் என்றேன். அந்த முப்பது ஆண்டுகளும் நாடக மேடை அந்தப் பெட்டியைக் கீழே இறக்கவே இல்லை.

அன்பளிப்புப் பணத்தால் இரண்டாவது தகராறு வந்தது. நாடகத்தில் ரசித்தவர் மேடைக்கு வந்து ரூபாய் நோட்டைக் கொடுப்பதும், பபூன் கொடுத்தவர் பெயரை ஊருக்கே அறிவிப்பதும் வழக்கம். அது கலைஞருக்குச் சேர வேண்டிய பணம். 'இன்று மேடையில் விழுவதெல்லாம் நிதிக்கே' என்று அதே பெரிய மனிதர் அறிவிக்கச் சொன்னார். கடைசியில் இரண்டு பித்தளைத் தாம்பாளங்களை வைத்து, இது நோயாளிகளுக்கு, இது கலைஞர்களுக்கு என்று எழுதி ஒட்டினோம். ஏற்பாடு என்னவோ நியாயமானதுதான். ஆனால் உங்கள் வீட்டுப் பெரிய ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, இரண்டு தாம்பாளத்தையும் தாண்டிப் போய், முடிப்பிலிருந்து எடுத்த நோட்டை ஸ்திரீபார்ட்டின் உள்ளங்கையில் வைத்து மூடி, 'தட்டா பாடுச்சு?' என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு யார் தாம்பாளத்தைத் தேடுவார்கள்? வரிசையாக எழுந்து வந்து கையில்தான் கொடுத்தார்கள். நோயாளிகளின் தாம்பாளமும் வெறுமையாக இருக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம், பந்தல், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சியது, ஓசியில் பாட வைத்திருந்தால் மிஞ்சியிருக்கக் கூடியதைவிடக் குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. கணக்கைப் படித்தபோது அந்தப் பெரிய மனிதர் 'பார்த்தீர்களா' என்பது போல என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டு, சம்பளத்தைக் கொடுத்துவிட்டதால் அடுத்த ஆண்டும் அவர்களை நிமிர்ந்து நின்று கூப்பிடலாம், இந்த நிதி ஓர் ஆண்டோடு நின்றுவிடுகிற காரியம் அல்லவே என்று பதில் சொன்னேன். பணம் ரொக்கமாக யார் கையிலும் கொடுக்கப்படாது. ஆட்டோக்காரர்களோடு பேசி மாதக் கணக்கு வைத்திருக்கிறோம். நோயாளி கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொண்டுவந்தால் நாங்கள் பணம் கொடுத்துவிடுவோம். நீ அனுப்பிய தொகைக்கான ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டைப் பற்றி ஒரு சொல். இரண்டாங்கட்டில் வடகிழக்கு மூலை ஓடு பெயர்ந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. விளக்கு போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. சுவர் ஊறுவதற்கு முன்பே ஆள் விட்டுப் பார்ப்பது நல்லது. பங்காளிகளில் யார் செலவைப் போடுவது என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்த வம்புக்கு நான் வரவில்லை.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. அடுத்த முறை பாட்டுக் கச்சேரியாக இல்லாமல், விடிய விடிய முழு அரிச்சந்திர மயான காண்டமே போட்டால் என்ன என்று ராஜபார்ட் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். திருவிழா மாதங்களில் அவர்களுக்கு ஓய்வு இருக்காது. ஆகவே அதுவும் மார்கழியில்தான் முடியும். வளவு போதாது, முகப்புக்கு எதிரே தெருவில்தான் மேடை போட வேண்டும். விடுமுறைக்கு வருகிறவர்கள் விடியும் வரை பனியில் உட்காருவார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம். உன் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார். தைப்பூசத்துக்குள் பதில் எழுதிவிடு. சீசன் தொடங்கிவிட்டால் ஆர்மோனியக்காரரைப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.