தாடையையும் மூடுகிற ஹெல்மெட்

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். வண்டி புக் பண்ணியாச்சு, வருவதற்குள் ஹெல்மெட் வாங்க வேண்டும், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். பார்க்க அழகு முதல் படத்தில் இருக்கும் திறந்த முக ஹெல்மெட்தான். பழைய காலத்து மாதிரி, ஓரத்தில் பழுப்புத் தோல் வைத்து, உன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அதை வாங்காதே. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பைக் ஓட்டுவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. அப்பாவிடமும் பேசிவிட்டேன். பஸ்ஸில் வந்தால் என்ன என்று முதலில் கேட்டார், இப்போது சர்வீஸ் எங்கே விடுவாய் என்று கேட்கிறார். அவரைப் பற்றி நீ கவலைப்படாதே.

நான் சொல்ல நினைப்பது தாடையைப் பற்றி. கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்தும் கோத்தகிரி ரோட்டிலிருந்தும் பைக்கில் விழுந்தவர்களைத் தூக்கி வருவார்கள். சிலர் ஹெல்மெட் போட்டிருப்பார்கள், பாதி முகத்தோடு நிற்கிற ஹெல்மெட். மண்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முகவாய் கிழிந்து, கீழ்த்தாடை இரண்டாக உடைந்து, பற்கள் போய் வந்திருப்பார்கள். மலை ரோட்டில் வேகம் குறைவுதான். ஆனால் வளைவில் மண்ணோ ஈரமோ இருந்து முன்சக்கரம் வழுக்கினால் ஆள் முகம் குப்புறத்தான் போய் விழுவார். ரோடோ தடுப்புச் சுவரோ, முதலில் படுவது முகம்.

தாடை உடைந்தால் பிளேட் வைத்துத் திருகுவார்கள், அல்லது மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டுவார்கள். கம்பி கட்டினால் நான்கிலிருந்து ஆறு வாரம் கஞ்சியும் ஜூஸும்தான். வாந்தி வந்தால் கம்பியை வெட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டர் வைத்திருப்போம். அதைவிடப் பெரிய பயம் மூச்சு. தாடை நொறுங்கியவர் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னால் சரியும், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மலை ரோட்டின் நடுவே இருக்கும் பர்லியாரில் விழுந்தவர் மேட்டுப்பாளையமோ குன்னூரோ வந்து சேர வேண்டும் என்றால் அத்தனை வளைவுகளையும் கடக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் மூச்சுவிட வேண்டும் அல்லவா.

இது நான் பார்த்தது மட்டும் இல்லை. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர், விபத்தில் சிக்கியவர்களின் ஹெல்மெட்டில் எங்கெங்கே அடி விழுந்திருக்கிறது என்று கணக்கெடுத்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடி தாடைப் பகுதியில்தான். திறந்த முக ஹெல்மெட்டில் அந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் போட்டால் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று சொல்கிறது; எந்த வகை ஹெல்மெட் மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. சரி. ஆனால் தாடைக்கு முன்னால் ஒரு கட்டை இருப்பதும் இல்லாததும் ஒன்று என்று கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோயம்புத்தூர் வெயிலில், தாடையையும் மூடுகிற முழுமுக ஹெல்மெட் போட்டால் வெந்து போவேன் என்பாய். அது நியாயமான பேச்சு. சங்கடப்படுத்துகிற ஹெல்மெட் இரண்டாம் வாரமே பெட்ரோல் டேங்க் மேல் ஏறிவிடும், அல்லது முழங்கையில் தொங்கும். அதனால் சௌகரியத்தையும் பாதுகாப்பில் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன். உனக்கு இன்னொரு சிக்கல். உன்னுடைய ஹெல்மெட் இரண்டு ஊருக்கு உழைக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக் கொட்டும். அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்தால் 1,850 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள், ஒரு மணி நேரத்துக்குள் பத்து டிகிரி இறங்கிவிடும். வியர்வையில் நனைந்த உள்துணியில் குளிர்காற்று அடித்தால் வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொள்வாய்.

ஆகவே தாடையிலும் நெற்றியிலும் காற்று நுழைய வழி, பின்னால் வெளியேற வழி, இரண்டும் இருக்கிற முழுமுக ஹெல்மெட்டாகப் பார். அந்த ஓட்டைகளைக் கையுறையோடு மூடித் திறக்க முடிய வேண்டும். சில ஹெல்மெட்டில் வெளியே ஓட்டை இருக்கும், உள்ளே தெர்மாகோலில் காற்று போக வழியே வெட்டியிருக்காது. உள்துணியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழற்றித் துவைக்க முடிகிறதா என்பதும் அப்போதே தெரியும். உனக்குத் தலையில் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருக்கிறது, துவைக்காவிட்டால் ஒரு மாதத்தில் நாற்றம் வந்துவிடும். ஹெல்மெட்டுக்குள் போட பருத்தியில் மெல்லிய முகமூடி மாதிரி விற்கிறார்கள், அதில் இரண்டு வாங்கிக்கொள். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஈரமானதைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு ஏறு.

இங்கே எல்லோரும் செய்கிற ஒன்றை நீ செய்யாதே. குளிருக்குக் கம்பளிக் குல்லாவைப் போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தடித்த குல்லா ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவில் வழுக்கும். காலப்போக்கில் உள்ளே இருக்கும் மெத்தையும் அமுங்கி, குல்லா இல்லாத நாளில் ஹெல்மெட் லொடலொடவென்று ஆடும். ஆடுகிற ஹெல்மெட் விழும்போது கழன்று ஓடும். மப்ளர் நுனி காற்றில் பறந்து பின்சக்கரத்தில், செயினில் மாட்டினால் கழுத்தே போய்விடும். கழுத்துக்குக் குளிர் அடித்தால் ஜாக்கெட் காலரை உயர்த்தி ஜிப் போட்டுக்கொள்.

கொண்டை போட்டுக்கொண்டும் ஹெல்மெட் மாட்டாதே. கொண்டை பின்னால் முட்டி ஹெல்மெட்டை முன்னே தள்ளும், நெற்றி விளிம்பு கண் மேல் இறங்கும், தாடைப்பட்டியும் சரியாக நிற்காது. கழுத்தடியில் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள். கிளிப், ஊசி எதுவும் தலையில் வேண்டாம். ஜிமிக்கியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்.

மேகம் இறங்குவது உனக்குத் தெரியாதது இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பதும் ஹெல்மெட்டுக்குள் இருந்து பார்ப்பதும் வேறு. வெளியே குளிர், உள்ளே உன் மூச்சு, முகத்துக்கு முன்னால் இருக்கும் வைசர் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும், உன் மூக்குக் கண்ணாடியும் கூடவே. முழுமுக ஹெல்மெட்டுக்கு இருக்கிற உண்மையான குறை இதுதான். அதற்கு பின்லாக் என்று ஒரு உள்தகடு வருகிறது. வைசரின் உள்பக்கம் ஒட்டி நிற்கும், நடுவில் மெல்லிய காற்று இடைவெளி, ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பின்லாக் மாட்ட இரண்டு பக்கமும் குமிழ் உள்ள வைசர் எது என்று கடையில் கேட்டு வாங்கு. மூக்குக்கு மேல் மூச்சைக் கீழே திருப்பிவிடும் ரப்பர் துண்டும் இருந்தால் நல்லது. அப்போதும் வழியில் காட்டேரி ஊர்ப் பக்கம் மேகம் அடர்ந்தால் வைசரை ஒரு கிளிக் மட்டும் திறந்து வைத்து மெதுவாக வா. கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம். மாலை ஐந்து மணிக்கே இருட்டுகிற ரோட்டில் காட்டெருமை நின்றால் அதன் நிறமும் கறுப்பு. வைசரில் கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடு, எதிரே வரும் பஸ்ஸின் லைட் அந்தக் கீறல்களில் சிதறி ஒன்றும் தெரியாது.

நீ மேட் கறுப்பு கேட்கிறாய். வெள்ளை எடு, அல்லது மஞ்சள். நியூசிலாந்தில் செய்த ஒரு ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை போட்டவர்களுக்கு விபத்தில் அடிபடும் அபாயம் 24 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். மேகத்துக்குள் உன்னை லாரிக்காரர் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படத்தில் இருக்கும், முன்பக்கம் தூக்கித் திறக்கிற மாடுலர் ஹெல்மெட்டை நான் ஒதுக்கவில்லை. கண்ணாடி போடுகிற உனக்கு அது வசதிதான். விழுந்து கிடப்பவரின் முகத்தைத் திறந்து மூச்சு பார்ப்பதும் எளிது. ஆனால் முழுமுகத்தைவிடக் கனம், அந்தக் கனம் இரண்டு மணி நேரத்தில் கழுத்தில் ஏறும். சிக்னலில் திறந்ததை மறந்து அப்படியே ஓட்டுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். மூடியபடியே ஓட்டுவேன் என்று உறுதி சொன்னால் வாங்கிக்கொள். மூன்றாவது படம், மண்ரோட்டில் ஓட்டுகிறவர்கள் போடுகிற, முன்னால் குடை நீட்டிய ஹெல்மெட். வேகம் கூடினால் அந்தக் குடையில் காற்று பிடித்துத் தலையை இழுக்கும், உனக்கு அது தேவையில்லை.

அளவு எடுப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, பின்மண்டை புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி அளவெடு. அந்த அளவு ஒரு தொடக்கம்தான். ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்வடிவம் வேறு. போட்டால் கன்னம் கொஞ்சம் அமுங்க வேண்டும், பேசும்போது கன்னத்தைக் கடிக்கிற மாதிரி இருந்தால் சரி. தலையை வேகமாகத் திருப்பு, ஹெல்மெட்டும் கூடவே திரும்ப வேண்டும். பட்டியை மாட்டிவிட்டுப் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லு, கழன்று வரக்கூடாது. அப்புறம் கடையிலேயே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு நில். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த ஹெல்மெட் உன் மண்டைக்கு ஆகாது. கன்னத்து மெத்தை நாளாக ஆகத் தளரும், நெற்றியில் குத்துவது தளராது. உன் கண்ணாடியைப் போட்டே இதையெல்லாம் பார்.

உள்ளே இருப்பது டிவி பெட்டியில் வருகிற தெர்மாகோல் இனம்தான், அடர்த்தி கூடுதல். அடியை வாங்கி நசுங்கித்தான் அது தலையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. அதனால் ஹெல்மெட்டோடு ஒரு முறை விழுந்தால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், அடுத்ததை வாங்கிவிடு. யாரும் போட்ட ஹெல்மெட்டை இரவல் வாங்காதே. பைக் கண்ணாடியில் தொங்கவிட்டால் உள்ளே பள்ளம் விழும். பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்காதே, ஓடு கெட்டுவிடும், சோப்புத் தண்ணீர் போதும்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம். ரோட்டோரத்தில் போலி முத்திரையோடு குவித்து வைத்திருப்பார்கள். ஐஎஸ் 4151 என்ற எண்ணும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த முத்திரையைக் கொடுக்கிற பிஐஎஸ் நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும், கடையிலேயே பார்த்துவிடு. அதோடு ஐரோப்பாவின் ஈசிஇ 22.06 தர முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது, அதில் தலை சுழன்று அடிபடுவதையும் சோதிக்கிறார்கள்.

உன் ரூம்மேட்டைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரப்போகிறாய் என்று தெரியும். 2022இல் நம் நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணின் தலைக்கும் அளவெடுத்து அதே தரத்தில் இன்னொன்று வாங்கு. உனக்கு நல்லதாக ஒன்று, பின்சீட்டுக்கு மலிவாக ஒன்று என்று வேண்டாம்.

பணத்துக்குத் தயங்காதே. இரண்டுக்கும் நான் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உன் கணக்கில் வந்துவிடும். உன் தலையளவை டேப்போடு படம் எடுத்து அனுப்பு. கடையில் போட்டுக்கொண்டு நிற்கிற அந்த இருபது நிமிடத்தில் எனக்கு வீடியோ காலில் வா, பின்பக்கம் எப்படி நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா