விதைப்பு மாதா

சேசு மரி சூசை துணை

போலந்து, செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதே. சுகமாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

8-ஆம் தேதி நீங்கள் எல்லோரும் வேளாங்கண்ணியில் இருந்திருப்பீர்கள். இங்கேயும் அன்றைக்கு மாதா பிறந்தநாள்தான். தேர் கிடையாது. 'விதைப்பு மாதா' என்கிறார்கள். விதைத் தானியத்தைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துப் போகிறார்கள். அது முடிந்த பிறகுதான் குளிர்காலப் பயிருக்கு விதைப்பது அந்தக் காலத்து வழக்கமாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் என்னைக் கூட்டிப்போனது. நான் பேசுவது அதற்குப் புரியாது, ஆனாலும் விடாமல் பேசும். புளித்த மாவில் ஒரு சூப் வைத்துக் கொடுக்கும். வாயில் வைத்தால் நம் நீராகாரம் ஞாபகம் வரும். ஆகஸ்ட் 15-இல் பூ, மூலிகையோடு கட்டி மந்திரித்த கதிர்களைப் பத்திரமாக வைத்திருந்து, அந்த மணிகளை உதிர்த்து விதையோடு கலந்தது.

அறுப்புத் திருநாளும் பார்த்தேன். கோதுமை, ஓட்ஸ் கதிர்களைப் பெரிய கிரீடமாகப் பின்னிக் கோயிலுக்குத் தூக்கி வருகிறார்கள். புதுமாவில் சுட்ட ரொட்டியை மந்திரித்து எல்லோருக்கும் பங்கு வைத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பாட்டி வீட்டில் ரொட்டியை வெட்டுமுன் கத்தியால் அதன்மேல் சிலுவை போடும். நீ பொங்கல் பானையில் போடுவாயே, அப்படி. துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடும். முதல் தடவை பார்த்தபோது அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். களத்தில் சிந்தின நெல்லை முந்தானையில் பொறுக்குவாயே அம்மா. இன்றைக்கும் பொறுக்குகிறாயா?

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். காளான் பறிப்பு மந்தம், வேறொன்றுமில்லை. கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேனா என்று கேட்டிருந்தாய். குளிருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வயலை ஒத்திக்கு விடப்போவதாக அக்கா எழுதியிருந்தாள். வேண்டாம் அம்மா. டிசம்பர்வரை பொறு, நான் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பாவிடம் வரப்புக்காகச் சண்டை போடாதே. மேலத்தெரு மாமாவை வைத்துப் பேசு. சம்பாவுக்கு விதைநெல் எடுக்கும்போது ஒரு படியை உபதேசியாரிடம் கொடுத்துச் சாமியார் கையால் மந்திரித்து வாங்கு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா? அதை முதலில் எழுது.

உன் மகன்