தாத்தாவின் துப்பாக்கியைத் துடைக்கவாவது விடுங்கள்

மத்திய உள்துறை அமைச்சக அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2019 ஆயுதத் திருத்தச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாக்கினீர்கள். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொன்னீர்கள். அந்த ஒரு வருடம் கொரோனா வருடமாக அமைந்தது எங்கள் நேரம்.

நான் ஒப்படைத்தது தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, '12 போர்' என்கிற குழல் அளவு. அதையே வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்ட ஒற்றைக்குழல் வேண்டும் (விரட்ட மட்டும்தான், இஷ்டத்துக்குச் சுட வனச்சட்டம் விடாது). இன்னொன்று அப்பாவின் ரிவால்வர். அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதைக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. டீலரிடமும் போனேன். ஒரே வருடத்தில் எல்லோரும் விற்க வந்தால் யார் வாங்குவது? அவர் சொன்ன விலைக்குப் பழைய சைக்கிள்கூட வராது. சரி, அரசாங்கத்திடமே இருக்கட்டும் என்று ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கினேன்.

போன மழைக்காலத்தில் வேறு வேலையாக அந்த ஸ்டேஷனுக்குப் போனவன், ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். மறுக்காமல் காட்டினார்கள். சுவரோரம் சாய்ந்து நின்றது. நூலில் கட்டிய அட்டையில் மை கரைந்து, பெயரே தெரியவில்லை. குழல் முழுக்கத் துரு. கட்டையில் தாத்தாவின் கன்னம் பட்டுப்பட்டு ஓரிடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். அங்கே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய வேட்டித் துணியைக் கம்பியில் சுற்றி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு அவர் துடைத்த துப்பாக்கி அது. கைக்குட்டையை எடுத்தேன். "தொடாதீங்க சார், லைசென்ஸ் ரத்தாயிடுச்சில்ல, கேஸ் ஆயிடும்" என்றார் ஏட்டு. நல்ல மனிதர், அவர்மேல் தப்பில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். 2019 சட்டத்தால் எங்கள் கையைவிட்டுப் போன குடும்பத் துப்பாக்கிகளை, சுட முடியாதபடி ஆக்கியாவது திருப்பித் தாருங்கள். குழலை அடைத்துவிடுங்கள், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்ட அது போதும்.

விதிவிலக்கே தெரியாதவர்கள் இல்லை நீங்கள். பதக்கம் வாங்கிய துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்தீர்கள். கர்நாடகத்துக் குடகர்களுக்கு, உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பழைய விலக்கை 2029 வரை நீட்டித்தீர்கள். அவர்கள்மேல் பொறாமையில்லை. 2020-இல் பழம்பொருள் வகைத் துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்க உரிமமே வேண்டாம் என்றீர்கள். தாத்தாவின் துப்பாக்கி அதற்குப் போதுமான கிழடு இல்லை போலிருக்கிறது.

உரிமம் வாங்கி வைத்திருக்கும் எங்களை எண்ணுவது சுலபம், அதனால்தான் எண்ணுகிறீர்கள். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்தக் கலெக்டர் ஆபீஸில் புதுப்பிக்க வரிசையில் நின்றான்? தேர்தல் வந்தாலும், துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி முதலில் எங்களுக்குத்தான் போன் வருகிறது. 2024-இல் ஏப்ரல் 19 அன்றே தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டு முடித்தோம். ஆனால் நாடு முழுக்க எண்ணி முடியும்வரை, ஜூன் முதல் வாரம் வரைக்கும், என் ஒற்றைக்குழல் ஸ்டேஷனில்தான் இருந்தது. பன்றிகளுக்குத் தேர்தல் நடத்தை விதிமுறை பொருந்தாதாம், தினமும் வந்துபோயின.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். உரிமத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமாக்கியது உங்கள் நல்ல காரியம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மசோதாவில் முதலில் 'ஒன்று' என்றிருந்ததை, பலரும் முறையிட்ட பிறகு 'இரண்டு' என்று மாற்றியவர்களும் நீங்கள்தான். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

சுட முடியாதபடி ஆக்கியே திருப்பித் தாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை மாதம் ஒருமுறை ஏட்டின் கண்முன்னே துடைத்துவிட்டுப் போக அனுமதி கொடுங்கள். துணியும் எண்ணெயும் நானே கொண்டுவருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டு துப்பாக்கிக்காரன்