காணியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது

உடுவில்,
வைகாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. நீ ஒரு கேள்வி கேட்கிறாய், நான் "பார்ப்போம்" என்கிறேன், அதற்குள் பேச்சு பேரனின் இருமலுக்குத் தாவிவிடுகிறது. முப்பத்தொரு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு எழுத்தில்தான் கோபமும் ஒழுங்காக வருகிறது. ஆகவே ஆறுதலாக இருந்து வாசி.

என் அண்ணாவின், உன் பெரிய மாமாவின், அந்தியேட்டி முடிந்து, கீரிமலையிலிருந்து வந்து இன்னும் கால்கூடக் கழுவவில்லை, "காரை என்ன செய்யப் போகிறீர்கள் அம்மா?" என்று கேட்டாய். அங்கே இங்கிலாந்தில் ஒருவர் காரின் உதிரிச் சாமான்கள் எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்கத் தயாராக இருக்கிறார், கப்பல் செலவும் அவருடையதே என்றாய். உன்மேல் குறை இல்லை. எட்டுச் செலவுக்கு முன்னமே பழைய இரும்பு வாங்கும் ஒருவர் படலையில் வந்து நின்றார். துக்கம் கேட்க வந்தவர் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கிலோவுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் அம்மா?" என்றார். அதன்பிறகு கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர் ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர். அண்ணா உயிரோடு இருந்தபோது அவரைப் பார்க்க வாரத்தில் இத்தனை பேர் வந்ததில்லை.

அண்ணா உயில் எழுதவில்லை. கணக்கு எழுதும் கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: "கார் தங்கச்சிக்கு. சாமான் காரோடு." அவ்வளவுதான். என் பெயரைக்கூட எழுதவில்லை. இருப்பது ஒரே தங்கச்சி, இதில் என்ன குழப்பம் என்று நினைத்திருப்பார். அந்தச் "சாமான் காரோடு" என்ற இரண்டு சொல்லுக்குத்தான் இரண்டு மாதமாகப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ கடைசியாக வந்தபோது கொட்டிலின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தாய். கார் நிற்பது அதில் பாதி. பின்பாதியில் கூரை வரைக்கும் தட்டு அடித்து, பால்மாப் பேணிகளும் பிஸ்கட் பேணிகளுமாக அடுக்கி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 143. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்டர், அதில் வலப்பக்கம் சாய்ந்த அண்ணாவின் எழுத்து. "பொயின்ற் – 4." "கிங் பின் – ஒரு சோடி, நல்லது." "டைனமோ பிரஷ்." "வால்வு – எரிந்தது." எரிந்தது, வெடித்தது, தேய்ந்தது என்று எழுதியவைதான் நல்லவற்றைவிட அதிகம். ஒரு பேணியில் "என்னவென்று தெரியவில்லை, எறிய வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. திறந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எறியவில்லை.

எரிந்துபோன வால்வை ஒரு மனிதன் எதற்காகப் பேணியில் போட்டு மூடி வைக்கிறான் என்று நீ கேட்பாய். நானும் இருபது வருடம் கேட்டுத் திட்டியிருக்கிறேன். உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. நீ பிறந்ததும் அந்த மாதம்தான். பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, வாகனச் சாமானுக்குத் தடை. மெழுகுதிரியும் சவர்க்காரமும்கூட ஒளித்துக் கொண்டுவர வேண்டிய சாமானாகிவிட்டன. மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ கொஞ்சம் வந்துகொண்டிருந்தது, அதுவும் யானை விலையில்.

பிறகு வந்த ஜப்பான் கார்களுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவரவில்லை. இந்தக் கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அதைக் குடித்துக்கொண்டு ஓடின. எஞ்சினில் அழுத்தம் குறைவு, அதனால்தான் சமாளிக்கிறது என்று அண்ணா விளக்குவார். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. முதலில் ஒரு வாய் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு வாய்க்கு அளவான பாத்திரம் எது தெரியுமா? ஒரு நாள் நீ பாலுக்கு அழுது வீறிடுகிறாய், உன் சூப்பிப் போத்தலைக் காணவில்லை. கொட்டிலுக்குள் போனால், அண்ணா பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதே போத்தலால் காபரேற்றருக்குப் பெற்றோல் பருக்கிக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்குப் பருக்குவதுபோலவே, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு. அன்று நான் சொன்ன சொற்களை இங்கே எழுதப்போவதில்லை.

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா விடாது. எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிஸ்டன் வளையம் தேயும், வால்வு கரிபிடித்து எரியும். புதியது வாங்க வழி இல்லை. எரிந்ததை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், கடைந்து, உரசி, மறுபடி பூட்டுவார்கள். இரண்டு உடைந்த சாமானிலிருந்து ஒரு நல்ல சாமான் செய்வது அப்போது இங்கே ஒரு தொழில். அதனால்தான் எரிந்த வால்வுக்கும் பேணி.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பேரன் ஒரு நாள் கேட்பான். ஒஸ்ரின் ஏ40 சோமசெற், 1953ஆம் ஆண்டு. 1200 சீசீ எஞ்சின், கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் கை ஒன்று வெளியே எட்டிப்பார்க்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒழுங்கைப் பிள்ளைகள் கூடுவார்கள். உன் அம்மப்பா 1962இல் புகையிலை விற்ற காசில் வாங்கினார். இலக்கத் தகட்டில் இருப்பது இங்கிலிஷ் எழுத்து. சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன்னமே பதிவானதால், 1958இல் ஊரெல்லாம் அந்த ஸ்ரீயை எதிர்த்துத் தார் பூசியபோது இந்தத் தகட்டை ஒருவரும் தொடவில்லை என்று பெருமையாகச் சொல்வார். அப்போது கார் அவருடையதே இல்லை என்பதை நாங்கள் நினைவூட்டுவதில்லை.

இது செய்யப்பட்ட இடம் அங்கே பர்மிங்ஹாமில் உன் ரயில் நின்று போகும் லோங்பிரிட்ஜ். ஹெர்பர்ட் ஒஸ்ரின் 1905இல் தொடங்கிய தொழிற்சாலை, 2005இல் மூடிவிட்டார்கள். அந்த ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினாயே, அதைச் சட்டம் போட்டுக் கொட்டிலில் மாட்டியிருக்கிறார். பக்கத்தில் பிள்ளையார் படம். இரண்டுக்கும் ஒரே ஊதுபத்தி.

1995 ஐப்பசி, 30ஆம் தேதி இரவு. உனக்கு ஐந்து வயது, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. எங்களிடம் இருந்த மண்ணெண்ணெய் கால்வாசித் தூரத்துக்கே போதவில்லை. மீதியெல்லாம் தள்ளினோம். உள்ளே அம்மம்மா, நீ, ஒரு மூட்டை அரிசி, வழியில் ஏற்றிய முன்பின் தெரியாத ஒரு கர்ப்பிணிப் பெண். வெளியே ஒரு கையைக் கதவுக்குள் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணா, பின்னால் நானும் உன் அப்பாவும். நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. ஒரு அடி தள்ளுவோம், நிற்போம், இன்னொரு அடி. விடியும்வரை அம்மம்மா உள்ளே இருந்து தேவாரம் படித்துக்கொண்டே வந்தார்.

புறப்படுவதற்கு முன் அண்ணா செய்த வேலையை அப்போது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். சனம் நகையைப் புதைத்தது. அவர் சாமான்களுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, பேணிகளில் அடைத்து வாழைக்கு அடியில் புதைத்தார். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, கிணற்றில் கப்பிகூட இல்லை. வாழைக்கு அடியில் பேணிகள் அப்படியே இருந்தன.

இனி உனக்கு முழுதாகச் சொல்லாத ஒன்று. 2010இல் உன் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. காரை விற்கச் சொன்னேன். கேட்டு வந்தவர் நல்ல விலையும் சொன்னார். அண்ணா வாயே திறக்கவில்லை. மூன்று நாள் நானும் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் தோட்டக் காணி பத்துப் பரப்பை விற்றுவிட்டு வந்து பணத்தை மேசையில் வைத்தார். முதுசக் காணி! ஐயாவின் புகையிலைத் தோட்டம்! "ஒரு தகரத்துக்காக முதுசத்தை விற்றீர்களா?" என்று கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அன்று இரவு காணி எங்களோடு வந்ததா, தங்கச்சி? காணியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது."

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரின் வாயிலிருந்து வரக்கூடிய சொல்லா அது? ஒரு முழ வேலிக்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசுகிற ஊர் இது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் காணியில் இப்போது யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கையால் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அண்ணா சொன்னது சரி என்று நான் எழுதுவதாக நினைத்துவிடாதே. உன் பட்டத்துக்கும் இந்தக் காருக்கும் ஒரே காணிதான் விலை என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் காரை ஒருமுறையாவது ஓடவைத்துப் பார்க்கலாம் என்று சந்திக் கராஜில் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, கைராசிக்காரன். ஆனால் அவன் பிறந்ததிலிருந்து பார்த்த வாகனம் எல்லாவற்றிலும் பற்றரியின் மைனஸ் பக்கம்தான் வண்டியின் உடம்போடு சேரும். இந்தப் பழைய இங்கிலாந்துக் கார்களில் பிளஸ் பக்கம் சேர வேண்டும். அண்ணா பொனெற்றின் உள்பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் "பிளஸ் உடம்புக்கு" என்று எழுதியும் வைத்திருந்தார். தூசுக்குள் அது தெரியவில்லை. எஞ்சின் உறுமிய சந்தோசத்தில் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, டைனமோவையும் பற்றரியையும் இணைக்கும் கட்அவுட் பெட்டியிலிருந்து புகை. அந்தப் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்பக்கம் போய், மூன்றாம் தட்டில், "கட்அவுட் – 2, நல்லது" என்ற பேணியை எடுத்துக்கொண்டு வந்தேன். தேடவேயில்லை. கை நேரே அங்கே போனது. பேணி எண்ணி எண்ணி எனக்கே பாடமாகிவிட்டிருக்கிறது.

அடுத்த வாரம் பருத்தித்துறையிலிருந்து ஒரு முதியவர் பஸ்ஸில் வந்தார். மடியில் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு வாட்டர் பம்ப், வெடித்தது. அவரிடமும் இதே கார். அண்ணா இறந்தது அவருக்குத் தெரியாது. விறாந்தையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு என்னிடம் முறையைச் சொன்னார்: பழுதானதைத் தந்துவிட்டு நல்லதை எடுத்துப் போவது, அதுதான் இங்கே வழக்கமாம். கொப்பியைப் புரட்டினேன். ஊர்ப் பெயர், "தந்தது", "எடுத்தது" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. விலை எழுத நிரலே இல்லை. அன்று நானும் ஒரு வரி எழுதினேன்.

ஆகையால் உன் ஆளுக்கு இப்படிச் சொல். மொத்தமாகக் கொடுப்பதற்கில்லை. காசு எனக்குத் தேவையில்லை என்று பெருமை பேசவில்லை. குசினிப் பக்கத்துக் கூரை ஒழுகுகிறது, உனக்கே தெரியும். ஆனால் காரை விட்டுச் சாமானைப் பிரித்தால் கார் ஒரு வருடத்தில் கோழிக்கூடாகிவிடும். அவருக்கு உண்மையிலேயே ஏதாவது சாமான் தேவையென்றால், தன்னுடைய உடைந்ததை அனுப்பட்டும்.

ஒன்று மட்டும் எங்களிடம் இல்லை. இரும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, ரப்பர் எல்லாம் போய்விட்டது. பிரேக் சிலிண்டர் ரப்பர் இருந்த ஆறு பேணியும் திறந்தேன். புளுக்கொடியல் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. பிரேக் இல்லாமல் படலையைத் தாண்டக்கூடாது என்று அந்தத் தம்பி சத்தியம் வாங்கிவிட்டான். அளவுகளைக் கொப்பியிலிருந்து பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் அளவு வேறு, கவனம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு செற் வாங்கி வா. மருமகனிடம் கொடுத்தனுப்பாதே, அவர் மறந்துவிடுவார்.

பேரனுக்கு வெந்நீரும் தேனும் கொடு.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: உன் சூப்பிப் போத்தல் கிடைத்தது, ஜன்னலுக்கு மேலே. "ஒரு வாய்" என்று பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. மூன்று முறை கழுவினேன், மணம் போகவில்லை. வேண்டுமென்றால் எடுத்துப் போகலாம். ஆனால் முறை முறைதான், மாற்றாகப் பேரனின் பழைய போத்தல் ஒன்று கொண்டு வா.