பகடை மாறினால் ஆட்டமும் மாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'டிராவலர்' என்ற, மேசையில் பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விண்வெளி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் கைமாற்றிப் படித்தோம். இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இதைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பதே அரிது. அதற்காக மனமார்ந்த நன்றி. ஆனால் விதிகள் எத்தனை முறை மாறினாலும் ஆட்டம் ஒன்றுதான் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1977-இல் மார்க் மில்லர் வடிவமைத்த ஆட்டத்தில் உருட்டுவது ஆறு முகப் பகடை இரண்டு. அவை 36 விதமாக விழலாம். எட்டோ அதற்கு மேலோ விழ 15 வழி. பாத்திரத்தின் திறமைப் புள்ளியை விழுந்த எண்ணோடு கூட்டிக்கொள்ளலாம்: ஒரு புள்ளி இருந்தால் 21 வழி, இரண்டு இருந்தால் 26. முதல் புள்ளி ஆறு வழியைத் திறக்கிறது, அடுத்தது ஐந்து, அதற்கடுத்தது நான்கு. ஒன்றும் தெரியாதவனுக்கும் கொஞ்சம் தெரிந்தவனுக்கும் நடுவில்தான் பெரிய தூரம், வாழ்க்கையிலும் அப்படித்தானே! 1993-இல் 'நியூ எரா' பதிப்பு இருபது முகப் பகடைக்குப் போனதும் இது போய்விட்டது. இலக்கு எண் எங்கே ஏறினாலும் இருபதில் ஒரு பங்குதான் கூடும்.

போன மாதம் அக்கா மகனுக்குப் பழைய விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். தன் பாத்திரத்துக்கு ஸ்கவுட், அதாவது விண்வெளிச் சாரணர், வேலையைத் தேர்ந்தெடுத்தான். ஆட்டத்துக்கு முன் பாத்திரத்தின் கடந்த காலத்தை உருவாக்கும்போதே, நான்காண்டுக்கு ஒருமுறை அது உயிர் பிழைக்கிறதா என்று உருட்ட வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் வேண்டும். நான்கு முறை தப்பி 34 வயதுக்கு வந்துவிட்டான். விலகிவிடு என்றேன். "இன்னும் ஒரே ஒரு தடவை மாமா" என்று உருட்டினான். மூன்றும் இரண்டும். ஆட்டம் தொடங்குமுன்பே ஆள் காலி. பாத்திரத்தை எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், கிழிக்கவில்லை.

1998-இல் வந்த, 'கர்ப்ஸ்' (GURPS) என்ற பொது விதிமுறையில் அமைந்த பதிப்பில் இந்தத் தாளே இருக்காது. அங்கே பாத்திரத்தைப் புள்ளி கொடுத்து வாங்கலாம். யாரும் வழியில் சாக வேண்டியதில்லை. மங்கூஸ் நிறுவனத்தின் 2008 பதிப்பு இரண்டு பகடையைத் திரும்பக் கொண்டுவந்து, எட்டையே பொது இலக்காக்கியது. சாவுக்குப் பதில் விபத்து, வேலை இழப்பு என்று மாற்றியது. எனக்கு அது பிடித்தமான மாற்றம்தான். ஆனாலும் மாற்றம் மாற்றமே.

ஒன்றில் கட்டுரையாளர் பக்கம் நிற்கிறேன். கப்பல் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு வாரம் எடுக்கும், செய்தியும் கப்பலோடுதான் போகும் என்பதைப் பின்வந்தவர்கள் தொடவில்லை. 1860-இல் 'டுரூரோ' கப்பல் சென்னையிலிருந்து இங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியபோது ஊர்ச் செய்தியும் அப்படித்தான் வந்தது. இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

1987-இன் 'மெகாடிராவலர்' பதிப்பு கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. ஒரு செயலின் கடினத்தை 3, 7, 11, 15 என்று இலக்கு எண்களின் படிகளாக அடிப்படை விதிகளில் வைத்தது அது. அடுத்த இதழில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்