‘திங்க்’ யாருடைய பாட்டு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ‘திங்க்’ பாட்டை அவருடைய சொந்தச் சரக்கு போல எழுதியிருப்பது சரியில்லை. 1957-ல் ‘ஃபைவ் ராயல்ஸ்’ குழு பாடி, அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் இசைக்கென இருந்த ‘ரிதம் அண்ட் புளூஸ்’ வெற்றிப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போன பாட்டு அது. எழுதியவர் குழுவின் கிதார் கலைஞர் லோமன் பாலிங். பிரவுன் அதை 1960-ல்தான் தன் பாணிக்கு மாற்றிப் பாடினார். பிரமாதமாகவே பாடினார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எழுதியவர் பெயர் ஒரு வரியிலாவது வந்திருக்கலாம்.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் ஊர்க்காரர்கள் இந்த ஃபைவ் ராயல்ஸ் குழுவினர். ‘ராயல் சன்ஸ்’ என்ற பெயரில் தேவாலயப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள், நியூயார்க்கின் அப்போலோ இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனபின் காதல் பாட்டுக்கு மாறினார்கள். 1953-ல் மட்டும் இவர்களின் இரண்டு பாட்டுகள் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தன. டெட்ராய்ட்டில் ‘ராயல்ஸ்’ என்று இருந்த ஹேங்க் பாலார்டின் குழு, குழப்பம் வேண்டாம் என்று ‘மிட்நைட்டர்ஸ்’ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. அன்றைக்கு இவர்கள் மவுசு அப்படி! 1954-ல் சின்சினாட்டியின் கிங் கம்பெனிக்கு வந்தார்கள். வந்ததும் சில வருடங்கள் வறட்சிதான்.

அப்புறம்தான் பாலிங்கின் கிதார் முன்னால் வந்தது. குழுவின் முன்னணிப் பாடகர் ஜானி டானர் ஒரு வரியை உருகிப் பாடி நிறுத்துவார்; அந்த இடைவெளியில் கிதார் வெடுக்கென்று எதிர்ப்பாட்டுப் பாடும். ‘சே இட்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கரகரப்பு 1957-க்கு உரியதாகவே தோன்றாது. பாலிங் வாரை நீளமாக விட்டு, கிதாரை முழங்காலை நோக்கித் தொங்கவிட்டு வாசிப்பாராம். அவர் மேடையில் வாசித்ததைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் ‘கிரீன் ஆனியன்ஸ்’ என்ற இசைத்தட்டில் பேர் வாங்கிய கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர். 2011-ல் இந்தக் குழுவின் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு முழு ஆல்பமே போட்டார் அவர்.

‘டெடிகேட்டட் டு த ஒன் ஐ லவ்’ கதை இன்னும் மோசம். இவர்கள் பாடியபோது பெரிதாக எடுபடவில்லை. 1961-ல் ‘ஷிரெல்ஸ்’ என்ற பெண்கள் குழு பாடி அமெரிக்கப் பாப் பட்டியலில் 3-ஆம் இடம். 1967-ல் ‘மாமாஸ் அண்ட் பாப்பாஸ்’ பாடி 2-ஆம் இடம். என் கணிப்பில், பள்ளிப் பிள்ளைகளை நோக்கிப் பாப் இசை திரும்பிய காலத்தில் ஃபைவ் ராயல்ஸின் பாட்டில் தேவாலயத்தின் தழுதழுப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஐந்தும் ஆறுமாக நின்ற வளர்ந்த ஆண்களில் நட்சத்திர முகம் என்று ஒன்றைக் காட்டவும் முடியவில்லை.

1960-களின் நடுவில் குழு கலைந்தது. பாலிங் 1973-ல், நியூயார்க்கின் புரூக்ளினில், யூத வழிபாட்டுத் தலம் ஒன்றில் துப்புரவுப் பணியாளராக இருந்தபோது இறந்தார். ராக் அண்ட் ரோல் கௌரவ மன்றம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது 2015-ல். முன்னோடிகள் பிரிவில்தான், அதுவும்!

அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு போடுங்கள். இடம் இருந்தால் பாலிங் பற்றித் தனிக் கட்டுரையே எழுதச் சொல்லலாம். ஜேம்ஸ் பிரவுனை இவ்வளவு ரசித்து எழுதியவருக்கு அது பிடித்த வேலையாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி