அந்த 'நுகர்வோர் மனம்' கட்டுரை பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடகப் பதிவுகளை அலசி நுகர்வோரின் மனதைச் சொல்லும் நிறுவனம் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவும் இருந்தது. நான் இதே தொழிலில் கொஞ்ச காலம் இருந்தவன். பதிவுகளைப் படித்து இது பாசிட்டிவ், இது நெகட்டிவ், இது நியூட்ரல் என்று குறி போடும் வேலை, சம்பளத்துக்காகப் பார்த்தது. அதனால் கட்டுரையில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றியது.

மக்களிடம் போய்க் கேட்கவே வேண்டியதில்லை, அவர்கள் எழுதுவதை எண்ணினாலே போதும் என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடுகிறது. யார் எழுதுகிறார்கள் என்று ஒரு இடத்திலாவது கேட்டிருக்கலாம். அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ட்விட்டர் பயன்படுத்தும் பெரியவர்களின் பதிவுகளில் 80 சதவீதம், அதிகமாக எழுதும் 10 சதவீதம் பேரிடமிருந்தே வருகிறது என்று தெரிந்தது. ஒரு பொருளை வாங்கி, அது ஒழுங்காக ஓடி, அதைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வருபவர்கள் கடும் கோபத்தில் இருப்பவர்கள், உருகி உருகிப் பாராட்டுபவர்கள், அப்புறம் பரிசுப் போட்டிக்காக ஒரே வரியை நகலெடுத்துப் போடுபவர்கள். இந்தக் கடைசிக் கூட்டம் நாங்கள் வேலை பார்த்த இடத்தில் பெரிய தலைவலி. ஒரு பிராண்டின் பெயர் திடீரென்று பல மடங்கு அதிகமாகப் பேசப்படுவதாக வரைபடம் காட்டும், திறந்து பார்த்தால் இலவச போன் கொடுக்கும் போட்டி நடந்துகொண்டிருக்கும்.

இயந்திரம் பதிவுகளைப் புரிந்துகொள்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். புரிந்துகொள்கிறதுதான், ஓரளவுக்கு. "அருமையான சேவை, இன்னும் ஒரு மாசம் கழிச்சு அனுப்பினாலும் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதினால் மனிதர் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் நாங்கள் வைத்திருந்த மென்பொருள் அதை மகிழ்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போய்விடும். இப்போதைய மென்பொருள்கள் எவ்வளவோ தேறிவிட்டன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே பதிவைப் படிக்கும் இரண்டு மனிதர்களுக்கே ஒத்துப்போகாத இடங்கள் நிறைய உண்டு, அப்படிப்பட்டதையெல்லாம் பெரும்பாலும் நியூட்ரலில் தள்ளுவோம். பிராண்டின் பெயர் சாதாரணச் சொல்லாகவும் இருந்துவிட்டால் இன்னொரு கூத்து. டவ் என்று தேடினால் சோப்பும் வரும், புறாவும் வரும், ஆப்பிள் என்றால் கேட்கவே வேண்டாம். எந்தெந்தச் சொல்லோடு வந்தால் எடுக்கலாம், எதோடு வந்தால் தள்ளலாம் என்று நீள நீளமாக நிபந்தனை எழுதி உட்கார்ந்திருப்போம், அதில் ஒரு சொல் மாறினால் முடிவும் மாறும். வாடிக்கையாளருக்குப் போகும் வண்ண வண்ணத் திரையில் இது எதுவும் தெரியாது.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தப் பதிவுகள் எங்கிருந்து வருகின்றன? ஊடகத்தின் முதலாளி திறந்துவிடும் குழாயிலிருந்துதான். ட்விட்டர் தன் பதிவுகளை மொத்தமாக விற்றுவந்த க்னிப் நிறுவனத்தை 2014-ல் தானே வாங்கிக்கொண்டது, 2023-ல் இலவசமாகத் தரவு எடுக்கும் வசதியை மூடி விலை வைத்தது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் நம்பியிருந்த க்ரவுட்டேங்கிள் என்ற கருவியை, ஃபேஸ்புக்கின் முதலாளியான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. குழாய் சுருங்கினால் வரும் பதிவுகளும் குறையும், அப்போது ஒரு பிராண்டைப் பற்றிய பேச்சு சென்ற ஆண்டைவிட இறங்கிவிட்டது என்று ஒரு கோடு காட்டினால் மக்கள் பேசுவது குறைந்ததா, கைக்கு வந்தது குறைந்ததா? வாட்ஸ்அப் குழுவில் "இதை வாங்கலாமா?" என்று சொந்தக்காரர்களிடம் கேட்பது எந்தக் காலத்திலும் இந்தக் குழாயில் வந்ததில்லை. வரவும் கூடாது.

வரவும் கூடாது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2016-ல் ஜியோஃபீடியா என்ற நிறுவனம் போராட்டங்களைக் கண்காணிக்க உதவும் என்று சொல்லித் தன் கருவியைப் போலீசாரிடம் விற்றது வெளியே வந்ததும், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ட்விட்டரும் அதற்குத் தரவு கொடுப்பதை வெட்டின. எந்த இடத்திலிருந்து யார் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் வேலைதான் அங்கேயும் நடந்தது, வாங்கியவர் மட்டும் வேறு.

இந்தத் தொழில் மொத்தமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. புதிதாக வந்த பாட்டிலின் மூடி ஒழுகுகிறது என்றால் புகார் பிரிவுக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே பதிவுகளில் தெரிந்துவிடும், அதற்கு இதைவிட வேகமான வழி இல்லை. "மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்று அங்கிருந்து தாண்டும்போதுதான் சிக்கல். உடை நிறுவனமான கேப் 2010-ல் தன் சின்னத்தை மாற்றியது, இணையத்தில் எழுந்த கூச்சலைப் பார்த்து ஒரு வாரம் போலத்தான் தாங்கியது, பழையதற்கே திரும்பிவிட்டது. கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் அங்கே சட்டை வாங்குபவர்கள் என்பது கூச்சலை எண்ணினால் தெரியாதே.

அடுத்த முறை இப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது, எந்தெந்தத் தளங்களிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு பதிவுகளைக் கழித்துக்கட்டினீர்கள், கையால் சரிபார்த்தது எவ்வளவு என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் அச்சிடுங்கள். பதில் சொல்லவில்லை என்றால் அதையும் போடலாம்.

இப்படிக்கு,
முன்பு குறி போட்டுக்கொண்டிருந்த ஒரு வாசகன்